இருசக்கர வண்டியில் பின்னால் ஏற்றுவதும் ஏறுவதும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இருசக்கர வண்டி ஓட்டக் கற்றுக்கொள்ள வருபவர்கள் கிளட்ச், கியர் பற்றிய சந்தேகங்களை முதல் சில நாட்களிலேயே கேட்டு முடித்துவிடுகிறார்கள். அதன் பிறகு வருபவை பெரும்பாலும் பின் இருக்கையைப் பற்றியவை. ஓட்டுநர் உரிமத் தேர்வில் எட்டுப் போட்டுக் காட்டச் சொல்வார்களே தவிர, பின்னால் ஓர் ஆளை ஏற்றிக்கொண்டு ஓட்டிக் காட்டச் சொல்வதில்லை. ஆகவே இந்தப் பாடத்தை எல்லோரும் நேரே சாலையில், பெரும்பாலும் தம் வீட்டு மனிதர் ஒருவரைப் பின்னால் வைத்துக்கொண்டுதான் கற்கிறார்கள். திரும்பத் திரும்பக் காதில் விழுந்த கேள்விகளை, கேட்டவர்களின் வாய்மொழியிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். சட்டம் என்று சொல்லும் இடங்களில் 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தையும், அதற்கு 2019-இல் வந்த திருத்தத்தையும், 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளையும் குறிப்பிடுகிறேன்.

பின்னால் உட்காருபவருக்கும் ஹெல்மெட் கட்டாயமா? பக்கத்துத் தெருவுக்குப் போவதற்குக் கூடவா?

கட்டாயம். சட்டத்தின் 129-ஆவது பிரிவு, ஓட்டுபவர், பின்னால் வருபவர் என்று பிரிக்காமல், நான்கு வயதுக்கு மேற்பட்ட எல்லோரும் ஹெல்மெட் அணிய வேண்டும் என்கிறது. தலைப்பாகை அணிந்த சீக்கியர்களுக்கு மட்டும் விலக்கு உண்டு. தூரத்தைப் பற்றிய விலக்கு எதுவும் இல்லை. தமிழ்நாட்டில் சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவையடுத்து 2015 ஜூலை 1 முதல் இருவருக்கும் இது கண்டிப்பாக நடைமுறைப்படுத்தப்பட்டது. பின்னால் இருப்பவர் ஹெல்மெட் போடவில்லை என்றாலும் அபராதத்துக்கு உள்ளாகிறவர் ஓட்டுபவரே. 194டி பிரிவின்படி ஆயிரம் ரூபாய் அபராதத்தோடு மூன்று மாதம் உரிமம் செல்லாமல் போகவும் வழியுண்டு.

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்குப்படி, 2022-இல் ஹெல்மெட் அணியாமல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 50,029 பேர். அவர்களில் 14,337 பேர் பின்னால் உட்கார்ந்து சென்றவர்கள். ஓட்டுபவருக்குப் பிடித்துக்கொள்ள ஹேண்டில்பாராவது இருக்கிறது. பின்னால் இருப்பவர், பெரும்பாலும் சாலையைப் பார்க்காமல் இருக்கும் நேரத்தில், என்ன நடக்கிறது என்று அறியும் முன்பே தரையில் விழுகிறார். ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ள ஹெல்மெட்டை வாங்கி, தாடைப் பட்டையை இரண்டு விரல் நுழையும் அளவுக்கு இறுக்கிப் பூட்ட வேண்டும். வீட்டில் நல்ல ஹெல்மெட்டை ஓட்டுபவர் எடுத்துக்கொண்டு, பழையதை, பட்டை அறுந்ததைப் பின்னால் வருபவருக்குக் கொடுக்கும் வழக்கம் பரவலாக இருக்கிறது. பூட்டாத ஹெல்மெட் விழுகிற வேகத்தில் தலையை விட்டுக் கழன்றுவிடும்.

எந்தப் பக்கமாக ஏறுவது? அவர் வண்டியை ஸ்டார்ட் செய்வதற்கு முன்பா, பின்பா?

இடப் பக்கமாக. நாம் சாலையின் இடப் புறம் செல்பவர்கள் என்பதால் அந்தப் பக்கம் ஓரம்; வலப் பக்கம் மற்ற வண்டிகள் வரும் பாதை. அதோடு, பெரும்பாலான வண்டிகளில் சைலன்ஸர் வலப் பக்கம்தான் இருக்கிறது. கெண்டைக்காலின் உட்புறத்தில் சைலன்ஸர் சுட்ட தழும்போடு இருப்பவர்களை விசாரித்தால், வலப் பக்கம் இறங்கியதாகவோ, குழந்தையாக இருந்தபோது காலைத் தொங்கவிட்டதாகவோ சொல்வார்கள். சுட்டுவிட்டால் குழாய்த் தண்ணீரை இருபது நிமிடமாவது அந்த இடத்தில் ஓடவிட வேண்டும். பற்பசையும் இங்க்கும் பூசுவது பயனற்றது.

ஓட்டுபவர் முதலில் அமர்ந்து, சைடு ஸ்டாண்டை எடுத்துவிட்டு, இரண்டு கால்களையும் தரையில் ஊன்றி, முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு “ஏறலாம்” என்று சொன்ன பிறகே ஏற வேண்டும். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தால் கியர் நியூட்ரலில் இருக்கட்டும். ஃபுட்ரெஸ்ட் மீது முழு எடையையும் வைத்து ஏறுவதாக இருந்தால், ஓட்டுபவரின் தோளைப் பிடித்துக்கொண்டு, சொல்லிவிட்டு ஏறுவது நல்லது. எதிர்பாராத நேரத்தில் அறுபது கிலோ ஒரு பக்கமாக விழுந்தால், பழகியவர் கையிலும் வண்டி சாயும். இறங்குவதற்கும் இதே ஒழுங்கு பொருந்தும். வண்டி முழுதாக நிற்பதற்கு முன் ஒரு காலைத் தரையில் வைத்து இழுத்துக்கொண்டே இறங்குவது, பேருந்திலிருந்து வந்த பழக்கமாக இருக்கலாம், ஆனால் இங்கே அது கணுக்காலைத் திருகிவிடும்.

ஏறிய பிறகு எதைப் பிடித்துக்கொள்வது? தோளையா, பின்னால் இருக்கும் கம்பியையா?

தோளைத் தவிர எதையும் பிடிக்கலாம் என்பது சுருக்கமான பதில். தோளைப் பிடித்தால், பிரேக் போடும்போது உங்கள் எடை முழுவதும் ஓட்டுபவரின் கைகள் வழியாக ஹேண்டில்பாருக்குப் போகிறது. பயந்து இழுத்தால் வண்டியும் அந்தப் பக்கம் திரும்புகிறது. ஒரு கையால் பின்கம்பியையும் மறு கையால் ஓட்டுபவரின் இடுப்பையும் பிடிப்பது இரண்டு திசைக்கும் காவல்: கம்பி பின்னால் சரியாமல் தடுக்கிறது, இடுப்புப் பிடி முன்னால் சரியாமல் தடுக்கிறது. இடுப்பைப் பிடிக்கத் தயக்கம் இருக்கும் உறவுகளில், ஓட்டுபவரின் பெல்ட்டையோ, இருக்கைக்குக் குறுக்கே இருக்கும் பட்டையையோ பிடிக்கலாம்.

விதிகளின் 123-ஆவது விதி, எல்லா மோட்டார் சைக்கிள்களிலும் பின்னால் வருபவருக்கென்று நிலையான கைப்பிடி, கால் வைக்க இடம், உடை சக்கரத்தில் சிக்காதபடி பின் சக்கரத்தின் பாதிக்குக் குறையாமல் மறைக்கும் தடுப்பு ஆகிய மூன்றும் இருக்க வேண்டும் என்கிறது. இந்தத் தடுப்பைத்தான் நாம் சாரி கார்டு என்கிறோம். அழகுக்காக அதைக் கழற்றி வீசும் இளைஞர்கள், பின்னால் யாரையும் ஏற்றுவதில்லை என்று முடிவு செய்துவிட்டுக் கழற்றினால் சண்டைக்குப் போக மாட்டேன். ஆனால் அந்த வண்டியில்தான் மறுநாள் தங்கை துப்பட்டாவோடு ஏறுகிறாள்.

சிக்னலில் நிற்கும்போது நானும் காலை ஊன்றலாமா?

வேண்டாம். நிறுத்துவதும் சமன் செய்வதும் ஓட்டுபவர் வேலை. பின்னால் இருப்பவர் இறங்கும் வரை இரண்டு பாதங்களையும் ஃபுட்ரெஸ்டிலிருந்து எடுக்கக் கூடாது. நீங்கள் கால் ஊன்றியிருப்பது தெரியாமல் அவர் வண்டியைக் கிளப்பிவிட்டால், கால் பின்னோக்கி இழுபடும்.

வளைவில் வண்டி சாயும்போது பயமாக இருக்கிறது. எதிர்ப் பக்கம் சாய்ந்து சமன் செய்வது தவறா?

தவறு. வண்டி சாய்வதால்தான் திரும்புகிறது. நீங்கள் எதிர்ப் பக்கம் சாய்ந்தால், அதே வளைவை எடுக்க ஓட்டுபவர் வண்டியை இன்னும் அதிகமாகச் சாய்க்க வேண்டி வருகிறது. எது பயமுறுத்தியதோ அது அதிகமாகிறது. அதற்காக நீங்களாக வளைவுக்குள் சாய்ந்து உதவி செய்யவும் வேண்டாம். உடம்பை வண்டியோடு ஒரே நேர்கோட்டில் வைத்துக்கொண்டு, வளைவு எந்தப் பக்கம் இருக்கிறதோ அந்தப் பக்கத்துத் தோளுக்கு மேலாகச் சாலையைப் பார்த்தால் போதும். இடப் பக்க வளைவு என்றால் ஓட்டுபவரின் இடத் தோளுக்கு மேல் பார்வை போக வேண்டும். பார்வை போன பக்கம் உடம்பு தானாக வரும்.

கொல்லிமலைச் சாலையின் எழுபது கொண்டை ஊசி வளைவுகள் போன்ற இடங்களில், நடை வேகத்தில் திரும்பும்போது இது இன்னும் முக்கியம். வேகம் குறையக் குறைய வண்டியின் தள்ளாட்டம் கூடும். அந்த நேரத்தில் பின்னால் இருப்பவர் கைபேசியை எடுக்கத் திரும்பினால்கூட முன் சக்கரம் அலையும்.

அம்மா புடவையில் ஒரு பக்கமாகத்தான் உட்காருவார். அது அவ்வளவு ஆபத்தா?

இரண்டு பக்கமும் கால் போட்டு உட்காருவதோடு ஒப்பிட்டால், ஆம். ஒரு பக்கமாக உட்காருபவர் முழங்கால்களால் இருக்கையை அணைத்துப் பிடிக்க முடியாது. எடை முழுவதும் இடப் பக்கம் போவதால் ஓட்டுபவர் எப்போதும் சிறிது வலப் பக்கமாகத் திருத்திக்கொண்டே ஓட்ட வேண்டும். வேகத்தடையில் தூக்கிப் போட்டால் பின்னோக்கி விழுவதைத் தடுக்க எதுவும் இல்லை. பின் மண்டையில் அடிபடும் விழுகை அதுதான். சுடிதார் அணியும் வீடுகளில்கூடப் பழக்கத்தின் காரணமாக ஒரு பக்கமாக உட்காருவதைப் பார்க்கிறேன். அதை மாற்றிக்கொள்ள ஒரு வாரம் போதும்.

ஆனால் அறுபது வயது அம்மாவிடம் போய் இதைச் சொல்லிப் பயனில்லை என்பதும் தெரியும். ஆகவே அவரை ஏற்றுபவர் செய்ய வேண்டியவை: சாரி கார்டும், ஒரு பக்கமாக உட்காருபவருக்கான நீள ஃபுட்ரெஸ்டும் உறுதியாகப் பொருத்தப்பட்டிருக்க வேண்டும். முந்தானையை இழுத்து இடுப்பில் செருகி, அதன் நுனி மடியில்தான் இருக்கிறது என்று கிளம்பும் முன் பார்க்க வேண்டும். துப்பட்டா என்றால் பின்னால் முடிச்சுப் போட்டு, நுனிகளை உடைக்குள் செருக வேண்டும். கழுத்தைச் சுற்றிய துணி சக்கரத்தில் சிக்கினால் என்ன ஆகும் என்பதை விளக்க வேண்டியதில்லை. அவருடைய வலக் கை உங்கள் இடுப்பிலும், இடக் கை பின்கம்பியிலும் இருக்கட்டும். மடியில் பையோ தூக்குச் சட்டியோ இருந்தால் இரண்டு கையும் அதற்கே போய்விடும். அதை வாங்கி முன்னால் கொக்கியில் மாட்டுங்கள். வேகத்தடை வருவதற்கு முன் வாய் திறந்து சொல்லுங்கள். கிளம்பும்போது கிளட்சை மெதுவாக விடுங்கள். பின்னோக்கி விழுபவர்களில் பலர் ஓடும்போது அல்ல, வண்டி கிளம்பிய முதல் நொடியில் விழுகிறார்கள்.

எல்.எல்.ஆர். மட்டும்தான் இருக்கிறது. நண்பனை டபுள்ஸ் ஏற்றலாமா?

கூடாது. பழகுநர் உரிமம் வைத்திருப்பவர் மோட்டார் சைக்கிளில் பின்னால் ஏற்றக்கூடிய ஒரே ஆள், செல்லத்தக்க ஓட்டுநர் உரிமம் உள்ள, கற்றுத் தருகிற மனிதர். பின்னால் வருபவருக்கு வேறு எந்தச் சூழலிலும் உரிமம் தேவையில்லை.

லைசென்ஸ் வந்துவிட்டது. முதல்முறையாக ஆளை ஏற்றும்போது எதைக் கவனிப்பது?

முதல் பயணத்துக்கு உங்களைவிட எடை குறைந்த, வண்டியில் உட்கார்ந்து பழகிய ஒருவரைத் தேர்ந்தெடுங்கள். இரண்டு பேருமே புதியவர்கள் என்றால் இருவரும் பயப்படுவார்கள், ஒருவர் பயம் மற்றவருக்கு உடம்பு வழியாகவே தெரியும். காலியான மைதானத்திலோ, காலை நேரத்துக் கல்லூரிச் சாலையிலோ கிளம்புவது, நிற்பது, நடை வேகத்தில் திரும்புவது ஆகிய மூன்றை மட்டும் பழகுங்கள். வேகமாகப் போவது எளிது. தடுமாற்றமெல்லாம் மெதுவாகப் போகும்போதுதான்.

வண்டி வேறு மாதிரி நடந்துகொள்வது உடனே தெரியும். கிளம்பும்போது கூடுதல் ஆக்ஸிலரேட்டர் கேட்கும். மேட்டில் முன் சக்கரம் லேசாகத் தோன்றும். முந்திச் செல்ல அதிகத் தூரம் பிடிக்கும், ஆகவே தனியாக வரும்போது புகுந்து போன இடைவெளி இப்போது போதாது. பிரேக்கில்தான் வேறுபாடு அதிகம். வண்டியும் நீங்களுமாக 180 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். 65 கிலோ ஆள் ஒருவர் ஏறினால் நிறுத்த வேண்டிய எடை மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கூடிவிடுகிறது. அதே அழுத்தத்தில் பிரேக்கைப் பிடித்தால் நிற்கும் தூரமும் அதே அளவுக்குக் கூடும். பின் சக்கரத்தின் மேல் இப்போது எடை கூடியிருப்பதால் பின் பிரேக் வழக்கத்தைவிட நன்றாக வேலை செய்யும், சக்கரம் எளிதில் பூட்டிக்கொள்ளாது. இருந்தாலும் முன் பிரேக்கே முதன்மையானது. இரண்டையும் சேர்த்து, முன்கூட்டியே, படிப்படியாகப் பிடியுங்கள்.

ஒவ்வொரு முறை பிரேக் போடும்போதும் இரண்டு ஹெல்மெட்டும் முட்டிக்கொள்கின்றன. யார் மேல் தவறு?

பெரும்பாலும் ஓட்டுபவர் மேல். கியர் மாற்றும்போது ஆக்ஸிலரேட்டரை வெடுக்கென்று விடுவதும், கிளட்சைச் சட்டென்று விடுவதும், கடைசி நேரத்தில் பிரேக் போடுவதும்தான் காரணம். முட்டல் இல்லாமல் ஒரு பயணத்தை முடித்தால் ஓட்டத் தெரிந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாம். எந்தத் தேர்வைவிடவும் நான் இதை நம்புகிறேன்.

பின்னால் இருப்பவர் செய்யக்கூடியதும் உண்டு: ஒட்டி உட்காராமல் ஒரு கையகல இடைவெளி விட்டு, முழங்கால்களால் ஓட்டுபவரின் இடுப்பை லேசாக அணைத்து, ஓட்டுபவரின் தோளுக்கு மேலாக முன்னால் பார்த்துக்கொண்டு வந்தால், பிரேக் போடப்போவது அவருக்கும் தெரிந்துவிடும். ஸ்போர்ட்ஸ் வண்டிகளில் பின் இருக்கை உயரமாகவும் முன்னோக்கிச் சரிந்தும் இருக்கும். அவற்றில் பிரேக்கின்போது ஓட்டுபவரின் இரு பக்கமும் கை நீட்டிப் பெட்ரோல் டேங்கில் உள்ளங்கையை ஊன்றிக்கொள்வது நல்லது.

இருவர் போகும்போது டயரில் காற்றைக் கூட்டி வைக்க வேண்டுமா?

பின் டயரில் கட்டாயம் கூட்ட வேண்டும். வண்டியோடு வந்த கையேட்டிலும், பல வண்டிகளில் செயின் கவர் மேலோ ஸ்விங் ஆர்ம் மேலோ ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரிலும், தனியாகப் போவதற்கு ஓர் அளவும் இருவர் போவதற்கு ஓர் அளவும் அச்சிட்டிருப்பார்கள். சில 100 சிசி வண்டிகளில் பின் டயருக்குத் தனியாக என்றால் 28, இருவர் என்றால் 40-க்குச் சற்று மேல் என்ற அளவுக்கு வேறுபாடு இருக்கிறது. பங்க்கில் பையன் கேட்பதற்குள் “பின்னாடி இருபத்தெட்டு” என்று பழக்கத்தில் சொல்லிவிட்டு, மனைவியோடு நாற்பது கிலோமீட்டர் போகிறவர்களுக்கு டயர் சூடேறுகிறது, வளைவில் வண்டி மிதப்பது போல் இருக்கிறது.

பின் ஷாக் அப்சார்பரில் ஸ்பிரிங்கின் இறுக்கத்தை மாற்றப் பல வண்டிகளில் படிப்படியான வளையம் இருக்கும். இருவர் போகும் வண்டிக்கு அதை ஓரிரு படி இறுக்கலாம். இரண்டு பக்கமும் ஒரே படியில் இருக்க வேண்டும். பின்பக்கம் தாழ்ந்தால் முகப்பு விளக்கு மேல்நோக்கி எழுந்து எதிரே வருபவரின் கண்ணைக் கூசச் செய்யும் என்பதால், இரவுப் பயணத்துக்கு முன் இதைச் செய்வது இருவருக்கும் நல்லது. ஓட்டுபவர், பின்னால் வருபவர், சுமை எல்லாம் சேர்த்து வண்டி எவ்வளவு தாங்கும் என்பதும் கையேட்டில் இருக்கும். சாதாரண வண்டிகளில் 130 கிலோ என்ற அளவில் இருப்பது வழக்கம். இரண்டு பெரிய ஆட்களே அதைத் தொட்டுவிடுவார்கள், அரிசி மூட்டைக்கு இடமில்லை.

குழந்தையை எத்தனை வயதிலிருந்து ஏற்றலாம்? முன்னால் நிற்க வைத்தால் கண்ணெதிரே இருக்குமே?

கண்ணெதிரே இருப்பதால் வரும் நிம்மதி ஓட்டுபவருக்கு, ஆபத்து குழந்தைக்கு. ஸ்கூட்டரின் முன் தளத்தில் நிற்கும் பிள்ளையின் முகமும் மார்பும் ஹேண்டில்பாரின் உயரத்தில் இருக்கின்றன. திடீர் பிரேக்கில் அது நேராக அங்கே போய் மோதும், பின்னாலிருந்து உங்கள் எடையும் வந்து நெருக்கும். பிள்ளை ஆக்ஸிலரேட்டரைப் பிடித்துத் திருகிய கதைகளும் ஏராளம். 128-ஆவது பிரிவு, கூட வருபவர் ஓட்டுபவருக்குப் பின்னால், உறுதியாகப் பொருத்தப்பட்ட இருக்கையில் அமர வேண்டும் என்கிறது. முன்னால் நிற்பது அதற்குள் வராது. இருக்கையைக் கழற்றிவிட்டு வெறும் கேரியரில் உட்கார வைப்பதும் வராது. டிவிஎஸ் எக்ஸ்எல் வைத்திருக்கும் வீடுகளுக்காக இதைச் சொல்கிறேன்.

நான்கு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கென்று 2022 பிப்ரவரியில் தனி விதி வெளியாகி, ஓராண்டு கழித்து நடைமுறைக்கு வந்தது. அதன்படி குழந்தையின் மேல் உடலை ஓட்டுபவரோடு இணைக்கும், 30 கிலோ வரை தாங்கும் பாதுகாப்புக் கச்சை வேண்டும். ஒன்பது மாதம் முதல் நான்கு வயது வரையிலான குழந்தைக்கு அளவான ஹெல்மெட் வேண்டும். வேகம் மணிக்கு 40 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது. கச்சை என்பது குழந்தை சட்டை போல் அணிவது. அதன் பட்டைகளை ஓட்டுபவர் தம் தோளில் மாட்டிக்கொள்வார். தூக்கம் வந்த குழந்தை பக்கவாட்டில் சரிவதை இது ஒன்றுதான் தடுக்கும்.

நான்கு வயதுக்கு மேல் சட்டம் தனி வயது எதையும் சொல்லவில்லை. நான் சொல்லும் அளவு இது: உட்கார்ந்த நிலையில் பாதங்கள் இரண்டும் ஃபுட்ரெஸ்டில் படிய வேண்டும், சொன்னால் கைப்பிடியை விடாமல் இருக்கும் பக்குவம் வேண்டும். பாதம் எட்டாத பிள்ளையின் குதிகால், கம்பிச் சக்கரத்தின் ஸ்போக்ஸுக்குள் போய் நசுங்குவது எலும்பு மருத்துவர்களுக்கு நன்கு பழக்கமான காயம்.

நான், மனைவி, நடுவில் மூன்று வயதுப் பையன். இது ட்ரிபிள்ஸ் ஆகுமா?

ஆகும். 128-ஆவது பிரிவு ஓட்டுபவரைத் தவிர ஒருவர் மட்டும் என்கிறது. அந்த ஒருவரின் வயதைச் சொல்லவில்லை. 2023-இல் கேரளத்தில் கேமரா வைத்து அபராதம் விதிக்கத் தொடங்கியபோது இந்தக் கேள்வி பெரிதாக எழுந்தது. பத்து வயதுக்குட்பட்ட குழந்தையை மூன்றாவது ஆளாகக் கணக்கிட வேண்டாம் என்று அந்த மாநிலத்திலிருந்து கேட்டார்கள். மத்திய அரசு மறுத்துவிட்டது. 194சி பிரிவின்படி அபராதம் ஆயிரம் ரூபாய், கூடவே மூன்று மாத உரிம இழப்பு.

சட்டம் இப்படி இருக்க, வீடுகளின் நிலை வேறாக இருக்கிறது என்பதை நான் மறுக்கவில்லை. கார் வாங்க முடியாத குடும்பத்துக்கு இந்த ஒரு வண்டிதான் இருக்கிறது. ஆனாலும் ஊருக்குள் போவதென்றால் 2021 முதல் அரசின் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. அம்மாவும் பிள்ளையும் பேருந்தில் வர, அப்பா வண்டியில் வருவது நடக்கக்கூடிய ஏற்பாடுதான். இரவு நேரத்தில், புறவழிச் சாலையில் மூவராகப் போவதை மட்டுமாவது எக்காரணம் கொண்டும் செய்யாதீர்கள்.

மழை வந்தால் பின்னால் இருப்பவர் குடை பிடிக்கலாமா?

ஒருபோதும் கூடாது. நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் விரித்த குடை காற்றை வாங்கிப் பின்னோக்கி இழுக்கும். பிடித்திருப்பவர் குடையை விட மாட்டார், குடையோடு போவார். எதிரே ஒரு லாரி கடந்தால் காற்றின் திசை ஒரு நொடியில் மாறி, ஓட்டுபவரின் முகத்தில் குடை மடங்கும். ஆளுக்கொரு மழைக்கோட்டு, மேல் சட்டையும் கால்சட்டையுமாகத் தனித்தனியாக இருப்பது, இருக்கைக்கு அடியில் கிடக்கட்டும். பின்னால் பறக்கும் போர்வை மாதிரியான கோட்டு, முந்தானையைப் போலவே சக்கரத்தில் சிக்கும்.

நீண்ட பயணத்தில் பின்னால் இருப்பவருக்குத் தூக்கம் வந்துவிடுகிறது. என்ன செய்வது?

நிறுத்துங்கள். வேறு வழியில்லை. பேசிக்கொண்டே போவதும் பாட்டுக் கேட்பதும் பத்து நிமிடத்துக்குத்தான் உதவும். தூங்குபவரின் பிடி முதலில் தளர்கிறது, பிறகு தலை முதுகில் இடிக்கிறது, அதன் பிறகு உடம்பு ஒரு பக்கம் சரிகிறது. தலை முதுகில் பட்ட முதல் முறையே அடுத்த டீக்கடையில் ஒதுங்கிவிட வேண்டும். தூக்கம் வராவிட்டாலும் ஒரு மணி நேரத்துக்கு ஒரு முறை நிற்பது நல்லது. கால் மரத்துப்போவது முன்னால் இருப்பவரைவிடப் பின்னால் இருப்பவருக்குத்தான் அதிகம்.

கிளம்புவதற்கு முன்பே சைகைகளைப் பேசி வைத்துக்கொள்ளுங்கள். தோளில் ஒரு தட்டு என்றால் மெதுவாகப் போக வேண்டும், தொடர்ந்து தட்டினால் நிறுத்த வேண்டும் என்பது போல இரண்டே போதும். ஹெல்மெட்டுக்குள் கத்தினால் ஓட்டுபவர் திரும்பிப் பார்ப்பார், சாலையை விடுவார்.

கர்ப்பமாக இருப்பவரை ஏற்றிச் செல்லலாமா?

மருத்துவர் கூடாது என்று சொல்லியிருந்தால் அதோடு பேச்சு முடிந்தது. மற்றபடி, குலுக்கலைவிட விழுவதுதான் பெரிய ஆபத்து. வயிறு பெரிதாகும் மாதங்களில் உடம்பின் சமநிலையும் மாறியிருக்கும். மாதப் பரிசோதனைக்கு ஆட்டோவில் போங்கள். ஒரு பக்கமாக உட்கார வைத்து அழைத்துப் போவதைப் பாதுகாப்பு என்று நினைக்கிறவர்கள், மேலே அம்மாவைப் பற்றிச் சொன்ன பதிலை ஒரு முறை படிக்கவும்.

ஓட்டுபவர் குடித்திருந்தால், பின்னால் உட்கார்ந்திருக்கும் என் மேலும் வழக்கு வருமா?

வரலாம். குடித்துவிட்டு ஓட்டுவதற்குத் துணை போவதையும் குற்றமாகக் கருதும் 188-ஆவது பிரிவு சட்டத்தில் இருக்கிறது. குடித்தவரோடு பயணம் செய்பவருக்கும் அபராதம் விதிக்கப்படும் என்று சென்னைப் போக்குவரத்துக் காவல்துறை 2022 அக்டோபரில் அறிவித்தது. நீங்கள் குடிக்காதவராக இருந்து, உரிமமும் இருந்தால், சாவியை வாங்கி நீங்கள் ஓட்டுங்கள். ஆனால் குடித்தவரைப் பின்னால் ஏற்றுவதும் சாதாரணமல்ல: அவர் பிடியும் சமநிலையும் தூங்குபவரைப் போலத்தான் இருக்கும். மிகவும் தள்ளாடுபவர் என்றால் வண்டியை அங்கேயே விட்டுவிட்டு ஆட்டோ பிடிப்பதுதான் சரி.

விபத்து நடந்தால் பின்னால் இருந்தவருக்கு இன்சூரன்ஸ் கிடைக்குமா?

எந்தப் பாலிசி, யார் மேல் தவறு என்ற இரண்டையும் பொறுத்தது. எதிரே வந்த வண்டியின் மேல் தவறு என்றால், பின்னால் இருந்தவர் அந்த வண்டிக்கு மூன்றாம் தரப்பினர். அதன் காப்பீட்டு நிறுவனத்திடம் இழப்பீடு கேட்கலாம். இரண்டு ஓட்டுநர்கள் மேலும் தவறு இருந்தால், பாதிக்கப்பட்டவர் அவர்களில் எவரிடமிருந்தும் முழு இழப்பீட்டையும் கேட்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2015-இல் தெளிவாக்கியது.

சிக்கல், நீங்கள் உட்கார்ந்து வந்த வண்டியே தவறு செய்தபோதோ, தானாகச் சறுக்கி விழுந்தபோதோ வருகிறது. அந்த வண்டிக்கு மூன்றாம் தரப்புப் பாலிசி மட்டும் இருந்தால், பின்னால் இலவசமாக வந்தவருக்கு அது பொருந்தாது என்று உச்ச நீதிமன்றம் 2006-இலேயே சொல்லிவிட்டது. முழுமையான பேக்கேஜ் பாலிசி என்றால் அவரையும் அது உள்ளடக்கும் என்பது 2012-இல் வந்த தீர்ப்பு. ஆகவே புதுப்பிக்கும்போது சில நூறு ரூபாய் மிச்சம் என்று மூன்றாம் தரப்புக்கு மட்டும் பணம் கட்டுபவர்கள், தினமும் யாரைப் பின்னால் ஏற்றுகிறோம் என்று ஒரு முறை எண்ணிப் பார்க்க வேண்டும். உரிமையாளர் தாமே ஓட்டும்போதைய தனிநபர் விபத்துக் காப்பீடு பின்னால் இருப்பவருக்குச் சேராது; அவருக்கென்று தனியாகச் சேர்த்துக்கொள்ளும் வசதி உண்டு, அதைக் கேட்டு வாங்க வேண்டும்.

மூன்று பேராகப் போனபோது லாரி இடித்துவிட்டது. ட்ரிபிள்ஸ் போனதால் இழப்பீடு கிடையாதா?

கிடைக்கும். இப்படி ஒரு வழக்கில், மூவராகப் போனதற்காக உயர் நீதிமன்றம் இழப்பீட்டைப் பத்து சதவீதம் குறைத்தது. 2020 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. மூவராகப் போவது சட்டத்தை மீறுவதுதான். ஆனால் அந்த மீறலே விபத்துக்கோ அதன் கடுமைக்கோ காரணமாக இருந்தது என்று காட்டினால் ஒழிய, அதை மட்டும் வைத்து அவர்களும் கவனக்குறைவாக இருந்தார்கள் என்று முடிவு செய்ய முடியாது என்பது தீர்ப்பின் சாரம். பின்னாலிருந்து ஒரு வண்டி வந்து இடித்தால் இந்த வாதம் எடுபடும். மூன்றாவது ஆளின் எடையால் வண்டி தள்ளாடி விழுந்தது என்று சாட்சி இருந்தால் எடுபடாது.

அவர் வேகமாக ஓட்டுகிறார். சொன்னால் கோபம் வருகிறது. எப்படிச் சொல்வது?

ஓடும்போது சொல்லாதீர்கள்; வாக்குவாதம் செய்துகொண்டே ஓட்டுபவர் இன்னும் வேகமாகத்தான் போவார். நிறுத்தச் சொல்லும் சைகையைக் கொடுத்து, தலைவலி, கால் மரத்துவிட்டது என்று எதையாவது சொல்லி இறங்குங்கள். இறங்கிய பிறகு, அறுபதுக்கு மேல் போனால் எனக்குப் பயமாக இருக்கிறது என்று எண்ணைச் சொல்லிப் பேசுங்கள். “மெதுவா ஓட்டுங்க” என்பது அவர் திறமையைக் குறை சொல்வதாகப் படும், அறுபது என்பது ஸ்பீடாமீட்டரில் பார்த்து ஒத்துக்கொள்ளக்கூடிய ஒன்று. ஆண்களிடம், குறிப்பாக அண்ணன் தம்பிகளிடம், இது நன்றாக வேலை செய்கிறது. அப்படியும் கேட்கவில்லை என்றால் அடுத்த முறை அவர் வண்டியில் ஏறாதீர்கள், காரணத்தையும் சொல்லிவிடுங்கள்.